மேலே, அணைப் பக்கம்

எங்கள் ஓடையில் மீன் பிடிக்கிறவர்களுக்கு ஒரு தர்மம் உண்டு. எங்கே பிடித்தாய் என்று கேட்டால் பொய் சொல்லலாம். எவ்வளவு பெரிது என்று கேட்டால் பொய் சொல்லக் கூடாது. இடம் அவரவர் சொத்து, அளவு எல்லோருக்கும் பொது. லேண்டர்ன் ஓடையில் கிரேலிங் மீனைப் பிடித்தால் அளந்து பார்த்துவிட்டுத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும், அது சட்டம். ஆக, காட்டுவதற்குக் கையில் மீன் இருக்காது. பிடித்தவர் நாக்குதான் சாட்சி. அந்த நாக்கைக்கூட நம்ப முடியவில்லை என்றால் அப்புறம் மனிதர்கள் எதற்கு ஒரே நெருப்பைச் சுற்றி உட்கார வேண்டும்?

வாரக் கடைசியில் யாருடைய மீன் சிறியதோ அவர்தான் ஞாயிறு காலை எல்லோருக்கும் பான்கேக் சுட வேண்டும். அதுவும் வழக்கம்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஜூன் கடைசியில் பள்ளி மூடிய அன்று பேருந்தை ஷெட்டில் விட்டுவிட்டு, அப்படியே என் பிக்கப்பில் கூடாரத்தைப் போட்டுக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடுவேன். பத்து மாதம் நாற்பது பிள்ளைகளின் கூச்சலைக் கேட்ட காதுக்கு அந்த ஓடைதான் மருந்து. ஓடைக்கரையில் கூடாரம் போட ஒரு முகாம், மொத்தமே பன்னிரண்டு இடங்கள், இரண்டு கழிப்பறை, ஒரு கைப்பம்பு. ஐந்தாம் இடம் என்னுடையது. ஆறாம் இடத்தில் ஓரெஸ்ட், மார்லிஸ் தம்பதியின் டிரெய்லர் வீடு. இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான்.

ஓரெஸ்ட் முப்பது வருஷம் காட்டுச் சாலையைச் சமன்படுத்தும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுபத்தெட்டு வயது, பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய வாய். மார்லிஸ் ஊரில் முடி வெட்டுகிற கடை வைத்திருந்தவள். பேச்சு குறைவு. வெட்டிய முடியில் நல்லதாகப் பார்த்து எடுத்து வைத்து, இறகோடு சேர்த்துத் தூண்டிலில் மீனை ஏமாற்றும் பொய் ஈ கட்டுவாள். ஓரெஸ்டின் தொப்பியில் குத்தியிருக்கும் ஈக்கள் அத்தனையும் அவள் கட்டியவை. எனக்கும் அவள்தான் முடி வெட்டுவாள், அதனால் அந்த ஓடையின் பாதி மீன்கள் என் முடியைக் கடித்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை காலையும் ஓரெஸ்ட் வழக்கம்போல நடுப்பாதையில் நின்று, பன்னிரண்டு இடத்துக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார்.

"நான் மேல போறேன்! அணைப் பக்கம்!"

மேலே, ஓடையோரமாக முக்கால் மணி நேரம் நடந்தால் மரத்தைப் பல்லால் கடித்துச் சாய்க்கிற பீவர் என்ற பிராணிகள் கட்டிய அணை ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு பெஞ்சும் உண்டு.

"போங்க போங்க," என்றேன். "அணையில இருக்கற பீவர் எல்லாம் உங்களுக்கு வரவேற்பு வளைவு கட்டியிருக்கும்."

"நாளைக்குக் காலைல பான்கேக் மாவ நல்லா கலக்கு பெர்னிஸ். போன வருஷம் கட்டி கட்டியா இருந்துச்சு."

"போன வருஷம் சுட்டது நீங்க!"

"அதான் சொல்றேன், எனக்கே பிடிக்கல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் அணைக்குப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். மேலே பத்து நிமிஷம் நடந்ததும், பூமிக்கடியில் எண்ணெய் தேடியவர்கள் அந்தக் காலத்தில் கோடு போட்ட மாதிரி மரம் வெட்டி வைத்த பாதை ஒன்று குறுக்கே வரும். அதில் திரும்பி, முகாமுக்குப் பின்னாலேயே சுற்றிக்கொண்டு, கீழே ஓடைக்கு இறங்குவார். அங்கே ஒரு பெரிய ஊசியிலை மரம் ஓடையின் குறுக்கே விழுந்து கிடக்கிறது. அதன் கீழே ஆழமான மடு. பதினொரு வருஷத்துக்கு முன் ஓர் ஆகஸ்டில் காட்டுப் பழம் பறிக்கப் போனபோது அவருடைய சிவப்புத் தொப்பி மரங்களுக்கிடையே போவதைப் பார்த்தேன். பின்னாலேயே போனேன். போகாமல் இருந்திருக்கலாம். போனேன்.

அதற்கப்புறம் வருஷா வருஷம் அவர்கள் ஞாயிறு மதியம் கிளம்பிப் போவார்கள், நான் திங்கள் வரை தங்குவேன், மடு எனக்கு மட்டும். "உனக்கு என்ன வேலை, இருந்துட்டு வா," என்று மார்லிஸ் சொல்வாள். சில வருஷம் அதற்கும் பொறுமை இல்லாமல், அவர் சாயங்காலம் திரும்பி வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரத்திலேயே போய்விட்டு வந்திருக்கிறேன். மூன்று முறை பந்தயத்தில் ஜெயித்தேன். ஒரு தடவை பத்தொன்பது அங்குலம். அளவில் நான் பொய் சொல்லவில்லை. இடத்தைக் கேட்டார்கள், "மேல, அணைப் பக்கம்" என்றேன்.

இது வரைக்கும் எனக்கு வெட்கமில்லை. திருட்டு மாங்காய்க்கு ருசி அதிகம். வெட்கம் வேறு விஷயத்தில்.

தினமும் மதியம் மார்லிஸ் சாண்ட்விச் செய்து, டப்பாவில் போட்டு, அணைக்கு எடுத்துக்கொண்டு போவாள். ஓரெஸ்டுக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். அவள் முட்டி இரண்டும் வீங்கியவை. பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு டப்பாவோடு திரும்பி வருவாள். "இன்னும் மேல போயிட்டார் போல," என்பாள். ஓரெஸ்டும் சாயங்காலம் வந்து, "அடடா, இன்னும் மேல போயிட்டேன்," என்பார். இதையெல்லாம் நான் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து, விறகு பிளந்துகொண்டே, பதினொரு வருஷமாகக் கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நான் எப்படி அறிந்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் மடு போய்விடும்.

அன்றும் போனாள், இரண்டு மணிக்குத் திரும்பினாள். "இன்னும் மேல போயிட்டார் போல."

ஆறு மணிக்கு ஓரெஸ்ட் வரவில்லை. எங்கள் வடக்குப் பக்கம் ஜூனில் சூரியன் இரவு பதினொரு மணி வரை போக மனமில்லாமல் நிற்கும், அதனால் யாரும் பதறவில்லை. மார்லிஸ் என்னை முக்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் துண்டைக் கட்டி, வருஷத்துக்கு ஒருமுறை வெட்டுகிற முடியை வெட்ட ஆரம்பித்தாள். வலது பக்கம் முடிந்தது. கத்திரிக்கோல் நின்றுவிட்டது.

"மணி ஏழரை," என்றாள்.

"வந்துடுவார். மீன் கடிக்குதுன்னா மனுஷன் அசைவாரா?"

"காலைல ரெண்டு முட்ட சாப்பிட்டதுதான். மாத்திரையும் போட்டுட்டுப் போனார்." கத்திரிக்கோலை மேசைமேல் வைத்தாள். "பெர்னிஸ், நான் மத்தியானம் ஒரு மணி நேரம் அங்க இருந்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு சத்தம் இல்ல."

முகாமைப் பார்த்துக்கொள்கிற டெல்பர்ட்டைக் கூப்பிட்டோம். விறகு கொண்டுவருவதும் கழிப்பறை கழுவுவதும் அவன் வேலை, ஊர் வம்பு அவன் பொழுதுபோக்கு. ஒன்பதாம் இடத்துக்காரர் இருவரையும் சேர்த்துக்கொண்டான்.

"எந்தப் பக்கம் போனார்?"

"மேல. அணைப் பக்கம்," என்றாள் மார்லிஸ்.

நான் வாயைத் திறந்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், எனக்கு நெஞ்சு மட்டுமில்லை, நாக்கும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. "நான் இங்க இருக்கேன். ஒருவேளை திரும்பி வந்தார்னா யாராவது வேணுமே," என்று சொன்னேன். நல்ல யோசனை என்றான் டெல்பர்ட். மார்லிஸ் ஜூஸ் டப்பா இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு அந்த முட்டியோடு அவர்கள் பின்னால் மேலே ஏறினாள். ஒரு ஆள் சர்க்கரை குறைந்து கீழே கிடக்கும்போது, அவருக்கான மருந்து எதிர்த்திசையில் நொண்டிக்கொண்டு போனது. அனுப்பி வைத்தவள் நான்.

அவர்கள் தலை மறைந்ததும் கழுத்துத் துண்டைக்கூட அவிழ்க்காமல் ஓடினேன். அறுபத்தொரு வயசில் அவ்வளவு வேகமாக ஓடுவேன் என்று எனக்கே தெரியாது. யாருக்கும் சொல்லாமல் நானே போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால், தற்செயலாகப் பார்த்தேன் என்று சொல்லிவிடலாம். அதுதான் கணக்கு. பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கிற கணக்கு.

ஓரெஸ்ட் மடுவருகே விழுந்த மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடுப்புவரை ஈரம். வலது பூட்டைக் கழற்றியிருந்தார், கணுக்கால் பன்ரொட்டி மாதிரி வீங்கியிருந்தது. முகம் வெளுத்து வியர்த்திருந்தது. தூண்டில் கம்பு மட்டும் பத்திரமாக மரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"வந்துட்டியா," என்றார். அப்புறம் கண்ணைச் சுருக்கினார். "நீ கூப்பிடவே இல்லையே?"

"என்ன?"

"தேடி வர்றவ பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே வருவா. நீ வீட்டுக்கு வர்ற மாதிரி நேரா வந்து நிக்கற."

என் பையில் பிள்ளைகளுக்காக எப்போதும் மிட்டாய் இருக்கும். இரண்டைப் பிரித்து அவர் வாயில் திணித்தேன். "முதல்ல இத சப்புங்க."

சப்பிக்கொண்டே கேட்டார். "எத்தன வருஷமா?"

"பதினொண்ணு."

"அந்தப் பத்தொம்பது அங்குலம்?"

"இங்கதான். அந்தக் கிளைக்குக் கீழ."

"அடிப்பாவி! அதுக்கு நான் பான்கேக் சுட்டேனே! ரெண்டாவது தடவ வேற கேட்டு வாங்கித் தின்னியே!" முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. கோபத்தினாலா மிட்டாயினாலா தெரியவில்லை, எதுவானாலும் நல்லதுதான்.

என் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்தேன். மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று காட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் விசிலும் அவர் கழுத்திலேயே தொங்கியது. விழுந்ததிலிருந்து ஒரு தடவைகூட ஊதவில்லை.

"ஊதாத!" என்று என் கையைப் பிடித்தார். "டெல்பர்ட்டுக்குத் தெரிஞ்சா அடுத்த வாரம் இங்க பெஞ்சு போட்டுடுவான். என்னத் தோள்ல தாங்கு. ஓடை திரும்பற அந்த வளைவு வரைக்கும் போயிடலாம், அங்க வெச்சு ஊது."

"நூத்துப்பத்து கிலோவ நான் ஒருத்தி தாங்கணுமா?"

"மெதுவா போலாம்."

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அன்று அது பொங்கிவிட்டது. "உயிர் போற நேரத்துல உமக்கு மடு முக்கியம்! மார்லிஸ் அங்க மேல உம்ம பேரச் சொல்லிக் கத்திக்கிட்டிருக்கா. வருஷா வருஷம் அந்த முட்டிய வெச்சுக்கிட்டு சாண்ட்விச்சத் தூக்கிட்டு நடக்கறாளே, ஒரு நாளாவது சொல்லணும்னு தோணலையா?"

அவர் வீங்கின காலைப் பார்த்தார். "அவளுக்கு நடக்கப் பிடிக்கும்னு நெனச்சேன்."

"யாருக்கு? அந்த முட்டிக்கா?"

மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். பிறகு, திட்டுவதுபோல இல்லாமல், சாதாரணமாகக் கேட்டார். "நீயும்தானே சொல்லல?"

அடி சரியான இடத்தில் விழுந்தது. நான் விசிலை எடுத்து மூன்று முறை ஊதினேன். நிறுத்தி, மறுபடி மூன்று. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் வந்தது மார்லிஸ். முட்டி தாங்காமல் பாதி வழியிலேயே திரும்பியிருக்கிறாள், விசில் கேட்டதும் ஓடையோரப் புதரைப் பிளந்துகொண்டு நேராக வந்துவிட்டாள். கன்னமெல்லாம் கீறல். புருஷன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜூஸ் டப்பாவில் குழாயைக் குத்தி அவர் வாயில் வைத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தாள்.

மடு கறுப்பாக, அசையாமல் இருந்தது. கிளைக்குக் கீழே ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடிவிட்டுப் போனது. விழுந்த மரத்தின் பட்டையில் ஓரெஸ்ட் வருஷா வருஷம் கத்தியால் கீறிய கோடுகள் வரிசையாக இருந்தன. அவர் உட்கார்ந்து உட்கார்ந்து மரம் ஓரிடத்தில் வழவழவென்று தேய்ந்திருந்தது. அதே மரத்தில், கைக்கு எட்டாத கிளையில், நூல் அறுந்து மாட்டிக்கொண்ட பொய் ஈக்கள் இருபது முப்பது இருக்கும். எல்லாம் அவள் கட்டியவை. ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"பெர்னிஸ், நீ எப்படி இங்க வந்த?"

ஓரெஸ்ட் எனக்குக் கண்ணைக் காட்டினார். சும்மா தேடிக்கிட்டு வந்தேன் என்று சொல்லிவிடு என்று அந்தக் கண் சொன்னது. சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள், அவள் எல்லாவற்றையும் நம்புகிறவள். அதனால்தான் என்னால் முடியவில்லை.

"எனக்கு இந்த இடம் பதினோரு வருஷமா தெரியும் மார்லிஸ். நானும் இங்கதான் பிடிக்கறேன்."

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. பாதி வெட்டிய என் தலையைப் பார்த்தாள். "அணையில அந்த பெஞ்சுல ஒரு பலக ஆடும், தெரியுமா?" என்றாள். "உக்கார்ந்தா தொடையக் கிள்ளும். வருஷா வருஷம் டெல்பர்ட்கிட்ட ஆணி அடிக்கச் சொல்றேன். அடிக்கவே மாட்டேங்கறான்."

எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

தூரத்தில் டெல்பர்ட்டின் குரல் கேட்டது. "எங்க இருக்கீங்க!"

ஓரெஸ்ட் கெஞ்சுகிற முகத்தோடு மார்லிஸைப் பார்த்தார். மார்லிஸ் மடுவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

"அந்தக் கையப் பிடி பெர்னிஸ்," என்றாள். "வளைவு வரைக்கும் கொண்டு போயிடலாம்."

இரண்டு கிழவிகள் ஒரு மலையைத் தூக்கிக்கொண்டு போனோம். நூறு அடி தூரத்துக்கு மூன்று தடவை இறக்கி வைத்தோம். ஓரெஸ்டுக்கு வலியிலும் முகமெல்லாம் சிரிப்பு. "என் ராணி, என் தங்கம்," என்று மார்லிஸின் காதில் சொல்லிக்கொண்டே வந்தார். தனக்காகத்தான் மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார், பாவம். டெல்பர்ட் வந்தபோது நாங்கள் வளைவில், ஒரு மீன்கூட இல்லாத சேற்றில் உட்கார்ந்திருந்தோம்.

"இங்க எப்படி சார் வந்தீங்க?"

"மேலேர்ந்து வழி தவறிட்டேன்," என்றார் ஓரெஸ்ட், கூசாமல்.

எலும்பு முறிவு இல்லை. ஒன்பதாம் இடத்துப் பெண் செவிலியாம், பார்த்துக் கட்டுப் போட்டுவிட்டாள்.

ஞாயிறு காலை பான்கேக் நான்தான் சுட்டேன், யாரும் சொல்லாமலே. ஓரெஸ்ட் ஐஸ் பெட்டிமேல் காலை நீட்டிக்கொண்டு ஏழு தின்றார். மார்லிஸ் ஒன்று தின்றாள். தட்டைக் கழுவி வைத்தாள். ஓரெஸ்டின் நீளப் பூட்டைப் போட்டு, உள்ளே இரண்டு காலுறை திணித்தாள். அவருடைய தூண்டில் கம்பை எடுத்தாள். அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"எங்க மார்லிஸ்?" என்றார் ஓரெஸ்ட். "உனக்கு லைசென்ஸ் கிடையாதே?"

"போன வருஷமே அறுபத்தஞ்சு முடிஞ்சுது. அதுக்கு மேல லைசென்ஸே தேவையில்ல." நடுப்பாதைக்குப் போய் நின்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பன்னிரண்டாம் இடத்து நாய்கூடத் திரும்பிப் பார்த்தது.

"நான் மேல போறேன்! அணைப் பக்கம்!"

ஓரெஸ்டின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. நான் பின்னாலேயே ஓடினேன். "மத்தியானம் சாப்பாடு கொண்டு வரட்டுமா?"

"கொண்டு வா," என்றாள் திரும்பாமல்.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு சாண்ட்விச் செய்து, அவளுடைய டப்பாவிலேயே போட்டு, அணைக்கு நடந்தேன். அவள் அங்கே இருக்க மாட்டாள் என்று தெரிந்துதான் போனேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். பலகை ஆடியது, தொடையைக் கிள்ளியது. கொசு காதைச் சுற்றியது. பாதையில் ஏதாவது சத்தம் கேட்டால் தலை தானாகத் திரும்பியது. வர மாட்டாள் என்று தெரிந்த எனக்கே அப்படித் திரும்பியது. வருவார் என்று நம்பி உட்கார்ந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன். அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கல்லை எடுத்து ஆணியை முடிந்தவரை தட்டி வைத்துவிட்டு, இரண்டு மணிக்கு டப்பாவோடு திரும்பினேன்.

மார்லிஸ் வந்துவிட்டிருந்தாள். நாற்காலியில் சாய்ந்து, ஈரக் காலுறையை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தாள். ஓரெஸ்ட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், கேட்கப் பயந்துகொண்டு. நான் டப்பாவை மேசைமேல் வைத்தேன்.

"ஏதாவது மாட்டுச்சா?" என்றேன்.

"ஒண்ணு."

"எங்க பிடிச்ச?"

அவள் டப்பாவைப் பார்த்தாள். என் தொடையில் ஒட்டியிருந்த மரத்தூளைப் பார்த்தாள். அப்புறம் என் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"மேல," என்றாள். "அணைப் பக்கம்."

ஓரெஸ்ட் தொண்டையைக் கனைத்தார். நான் அவள் முகத்தையே பார்த்தேன். எங்கள் ஓடையில் இதற்கு ஒரே ஒரு மறுகேள்விதான் உண்டு.

"எவ்வளவு பெரிசு?"

"இருபத்தோரு அங்குலம்."

அது பொய்யில்லை. அளவில் யாரும் பொய் சொல்வதில்லை. ஓரெஸ்ட் தொப்பி இல்லாத தலையைத் தடவிக்கொண்டார்.

மார்லிஸ் டப்பாவைத் திறந்து ஒரு சாண்ட்விச்சை எடுத்துக் கடித்தாள். "கடுகு பத்தல," என்றாள். முழுவதையும் தின்று முடித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, நேற்று வைத்த இடத்திலிருந்து கத்திரிக்கோலை எடுத்தாள்.

"வந்து உக்காரு. இடது பக்கம் பாக்கி இருக்கு."

நான் முக்காலியில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டினேன். அந்த வருஷம் ஞாயிறு மதியமே அவர்களோடு கிளம்பிவிட்டேன், திங்கள் வரை தங்கவில்லை.